சோனாரில் கிடக்கும் பழைய பாட்டுகள்: எதில் திறப்பது, எதற்கு மாறுவது

தைப்பூசத்துக்கு வெளியிட்ட காவடிப் பாட்டு, மாரியம்மன் திருவிழாவுக்குப் பதிந்த கும்மி, புரட்டாசி பஜனை, கல்யாண மண்டபத்தில் ஓடவிட்ட இசைத் தடம். தென்னாப்பிரிக்காவின் டர்பன், டொங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் வீட்டு ஸ்டூடியோ வைத்திருக்கும் பலருடைய ஹார்ட் டிஸ்கில் இவை இன்னும் கேக்வாக், சோனார் என்ற பாட்டுப் பதிவு சாஃப்ட்வேர்களின் கோப்புகளாகவே கிடக்கின்றன. சிடி கீறிப்போனாலும் ப்ராஜெக்ட் (பாட்டின் எல்லாத் தடங்களையும் கலவையையும் வைத்திருக்கும் வேலைக் கோப்பு) கையில் இருக்கிறது என்ற தைரியம். ஆனால் அந்த ப்ராஜெக்டைத் திறக்கும் சாஃப்ட்வேர் 2017-இல் ஒருமுறை நின்றது, 2018-இல் வேறு பெயரில் எழுந்தது, அந்தப் பெயரும் 2025-இல் மூடப்பட்டது. இப்போது சோனார் என்ற பழைய பெயரே திரும்ப வந்திருக்கிறது. இந்தக் குழப்பத்தில்தான் "இனி எதற்கு மாறலாம்?" என்ற கேள்வி வருகிறது.

அந்தக் கேள்விக்குள் இரண்டு வேலைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பழைய பாட்டைத் திறந்து பத்திரப்படுத்துவது ஒன்று, நாளை வரப்போகும் பாட்டைப் பதிவது இன்னொன்று. இரண்டையும் ஒரே சாஃப்ட்வேர் செய்ய வேண்டும் என்று நினைப்பதால்தான் முடிவெடுக்க முடியாமல் வருஷங்கள் போகின்றன. கீழே உள்ள ஒப்பீடு இரண்டையும் பிரித்தே பார்க்கிறது.

கோப்பின் வயதைப் பார்த்து ஆரம்பியுங்கள்

கேக்வாக்கின் வரலாறு இங்கே சும்மா பொழுதுபோக்குக்காக இல்லை. எந்தக் காலத்துக் கோப்பு என்று தெரிந்தால்தான் அதற்குள் என்ன மாட்டியிருக்கும் என்று தெரியும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் கிரெக் ஹெண்டர்ஷாட் தொடங்கிய ட்வெல்வ் டோன் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் 1987-இல் டாஸ் கணினிக்காகக் கேக்வாக்கை வெளியிட்டது. அப்போது அது வெறும் மிடி சீக்வென்சர், அதாவது எந்த ஸ்வரத்தை எப்போது வாசிக்க வேண்டும் என்ற கட்டளைகளை வரிசைப்படுத்தும் கருவி; குரலைப் பதிய முடியாது. 1991-இல் விண்டோஸ் பதிப்பு வந்தது. 90-களின் நடுவில் ப்ரோ ஆடியோ வரிசையில்தான் மிடியோடு குரல், வாத்தியப் பதிவும் சேர்ந்தது. இந்தக் காலத்துக் கோப்புகளின் வால் (பெயரின் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகள்) டபிள்யூ.ஆர்.கே. பெரும்பாலும் வெளியே மாட்டிய, வாத்திய ஒலி எழுப்பும் ரோலண்ட், யமஹா பெட்டிகளை வாசிக்கச் சொல்லும் மிடிக் கட்டளைகளே இவற்றில் இருக்கும். பெட்டி போய்விட்டால் பாட்டு ஊமை.

2001-இல் சோனார் வந்தது. கோப்பு வகை இரண்டானது: ஒன்று ப்ராஜெக்ட் கோப்பு, இன்னொன்று ஆடியோவையும் சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டும் பண்டில் கோப்பு. இரண்டின் வாலையும் தமிழில் எழுதினால் சி.டபிள்யூ.பி என்றே வந்து நிற்கும் என்பதால் இந்தக் கட்டுரை முழுக்க ப்ராஜெக்ட், பண்டில் என்றே சொல்கிறோம். 2005-இன் சோனார் 5-இல் ரோலண்டின் வி-வோகல் என்ற சுருதி திருத்தும் கருவி உள்ளே வந்தது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தொல்லை தரப்போவது இதுதான். 2008-இல் ரோலண்ட் பெரும்பங்கை வாங்கியது. 2010 கடைசியில் சோனார் எக்ஸ்1 பதிப்பு வந்து முகப்பே மாறியது. ப்ரோசேனல் என்ற ஒலி சீர்செய்யும் பெட்டி ஒவ்வொரு ட்ராக்கிலும் உட்கார்ந்தது. 2013-இல் கிட்டார் நிறுவனமான கிப்சன் கைக்குப் போனது. அதே வருஷத்து எக்ஸ்3-இல் வி-வோகல் போய் அதே வேலைக்கு மெலடைன் வந்தது. 2015-இல் பிளாட்டினம், ப்ரொஃபெஷனல், ஆர்ட்டிஸ்ட் என்று மூன்று படிகள், மாதாமாதம் அப்டேட்.

2016-இல் பிளாட்டினம் வாங்கியவர்களுக்கு வாழ்நாள் முழுக்க இலவச அப்டேட் என்று ஒரு திட்டம் விற்கப்பட்டது. 2017 நவம்பரில் கிப்சன் கேக்வாக்கையே நிறுத்தியது. பிலிப்ஸ் பெயரில் வீட்டு ஆடியோ சாதனங்கள் விற்பதில் கவனம் செலுத்தப்போவதாக அது சொன்ன காரணம். அடுத்த மே மாதம் கிப்சனே திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. யாருடைய வாழ்நாள் என்று கேட்காமல் விட்டது வாங்கியவர்களின் தவறுதான் போலிருக்கிறது. இதே கிப்சன் 1998-இல் ஆப்கோட் நிறுவனத்தை வாங்கி, அதன் விஷன் என்ற நல்ல சீக்வென்சரை அடுத்த வருஷமே நிறுத்தியிருக்கிறது. அந்தக் கதை தெரிந்தவர்கள் 2013-லேயே பயந்தார்கள்.

2018 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேண்ட்லேப் கேக்வாக்கின் சொத்துரிமைகளை வாங்கியது. நிறுவனத்தை அப்படியே வாங்கவில்லை. ஏப்ரலில் கேக்வாக் பை பேண்ட்லேப் என்ற பெயரில் இலவசமாக வெளியிட்டது. பிளாட்டினத்தின் இயந்திரம் அப்படியே இருந்தது. ஆனால் கூட வந்த ரேப்ச்சர், அடிக்டிவ் டிரம்ஸ், மெலடைன் போன்ற கூடுதல் கருவிகள் அதில் இல்லை. 2023 ஜூனில் புது சோனாரை அறிவித்து, 2025-இல் அதற்கு ஓர் இலவசப் படியும் தந்து, கேக்வாக் பை பேண்ட்லேப்பை மூடினார்கள்.

வழி ஒன்று: பழைய கணினியை அப்படியே ஓட்டுவது

பலரும் மனசுக்குள் தேர்ந்தெடுத்திருக்கும் வழி. சோனார் 8.5 அல்லது எக்ஸ்2 போட்ட விண்டோஸ் 7 கணினி, இணையத்தைத் துண்டித்து, ஒரு மூலையில். இதில் உண்மையான லாபம் உண்டு. அந்தப் பாட்டு எந்தச் சூழலில் கலக்கப்பட்டதோ அதே சூழல் அப்படியே இருக்கிறது. 32-பிட் டைரக்ட்எக்ஸ் ப்ளக்இன் (சாஃப்ட்வேருக்குள் செருகும் கூடுதல் கருவி), வி-வோகல், மைக்கைக் கணினியோடு இணைக்கும் பழைய ஃபயர்வயர் இன்டர்ஃபேஸ் எல்லாம் அங்கே மட்டுமே சேர்ந்து வேலை செய்யும். எக்ஸ்3 வரையிலான பதிப்புகளுக்கு சீரியல் எண்ணும் பதிவுக் குறியீடும் போதும். அந்த இரண்டையும் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறீர்களா என்று இப்போதே பாருங்கள். பிளாட்டினம் காலத்தில் கமாண்ட் சென்டர் என்ற தனிச் செயலி வழியாக ஆக்டிவேஷன் நடந்தது. ஓடிக்கொண்டிருக்கும் பிளாட்டினத்தை அழித்துவிட்டு மறுபடி போடலாம் என்று விளையாட வேண்டாம்.

ஆபத்து இரும்பில் இருக்கிறது. பதினைந்து வயதான ஹார்ட் டிஸ்க், வீங்கிய கெபாசிட்டரோடு ஒரு பவர் சப்ளை, டர்பன் கடற்கரைக் காற்றின் ஈரம். அதற்கு மேல் லோட் ஷெடிங். கரண்ட் போவதைவிடத் திரும்ப வரும் நொடியில் வரும் மின்னழுத்தத் தாவல்தான் பழைய பவர் சப்ளைகளைக் கொல்கிறது. இந்தக் கணினியை வைத்துக்கொள்வதென்றால் மூன்று வேலைகள் கட்டாயம். முழு டிஸ்கையும் ஒரு எஸ்எஸ்டிக்கு பிம்பமாக நகல் எடுத்து, நகலிலிருந்து ஓட்டுங்கள். அசல் டிஸ்கைக் கழற்றி உறையில் போட்டு வையுங்கள். யுபிஎஸ் ஒன்று மாட்டுங்கள். பத்து நிமிடம் தாங்கினால் போதும், சேமித்து அணைக்கத்தான் அது. மூன்றாவது, ஆட்டோசேவ். சோனாரில் ப்ரிஃபரன்சஸ், ஃபைல், அட்வான்ஸ்ட் பகுதியில் இத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை என்றும், பல பதிப்புகளாக வைக்கச் சொல்லியும் அமைக்கலாம். தொடக்கத்தில் அது அணைந்தே இருக்கும்.

எங்கள் முடிவு: பழைய பாட்டுகளை வெளியே எடுக்கும்வரை இந்தக் கணினி தங்கம். புதுப் பாட்டை இதில் தொடங்குவது கடன் மேல் கடன்.

வழி இரண்டு: ஏற்கெனவே போட்டிருக்கும் கேக்வாக் பை பேண்ட்லேப்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். இது அவ்வப்போது இணையத்தில் தன் உரிமையைப் புதுப்பித்துக்கொள்ளும் வகை. ஆக்டிவேஷன் காலாவதியானால் டெமோ நிலைக்குப் போய்விடும். பாட்டைக் கேட்கலாம், சேமிக்கவும் எக்ஸ்போர்ட் செய்யவும் விடாது. உங்கள் கணினியில் இன்று அது சேமிக்க விடுகிறதென்றால், அந்த அவகாசத்தை எக்ஸ்போர்ட்டுக்குப் பயன்படுத்துங்கள். இதை நம்பி ஒரு புது வேலையை ஒப்புக்கொள்ள வேண்டாம்.

வழி மூன்று: புது சோனார்

பழைய ப்ராஜெக்டைத் திறப்பதற்கு இன்று இதைவிடச் சரியான சாவி இல்லை. வம்சம் ஒன்று, ட்ராக், ஆட்டோமேஷன் (ஒலி தானாக ஏறி இறங்க வைத்த குறிப்புகள்), டெம்போ (தாள வேகம்), டேக் லேன் (ஒரே வரியைப் பலமுறை பாடிய பதிவுகள்), ப்ரோசேனல் எல்லாம் அது அதன் இடத்தில் வந்து உட்காரும். டபிள்யூ.ஆர்.கே கோப்புகளையும் படிக்கும். பெரிய திரையில் எழுத்துகள் பொடியாகத் தெரியும் பழைய தொல்லை இதில் தீர்ந்திருக்கிறது. இலவசப் படிக்கு ஒரு பேண்ட்லேப் கணக்கு போதும். சில வசதிகள் சந்தாவுக்குப் பின்னால் பூட்டியிருக்கின்றன. விண்டோஸில் மட்டும்தான் ஓடும். 64-பிட் விண்டோஸ் 10 அல்லது 11 தேவை. விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட்டின் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டதால், இந்த வழியில் போகிறவர்கள் 11-ஐத் தாங்கும் கணினிக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

நிறுவும் வரிசையில்தான் பலர் சறுக்குகிறார்கள். உங்களிடம் எக்ஸ்3 அல்லது பிளாட்டினம் உரிமை இருந்தால், அதை முதலில் அந்தக் கணினியில் போட்டுவிட்டு, அதற்கு மேல் புது சோனாரைப் போடுங்கள். பழையதோடு வந்த டைமென்ஷன் ப்ரோ, ரேப்ச்சர், ஸீட்டா, ப்ரோசேனலின் கூடுதல் பெட்டிகள் எல்லாம் அப்போதுதான் புதியதுக்கும் கண்ணில் படும். புதியதை மட்டும் போட்டால் ப்ராஜெக்ட் திறக்கும். ஆனால் அந்த இடங்களில் வெற்றுப் பெட்டி நிற்கும், தம்புராவும் தபலாவும் ஒலிக்காது. பாட்டே கெட்டுவிட்டது என்று நினைத்து, அந்த நிலையிலேயே சேமித்துவிடுகிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள், நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

திறக்கும்போதே சாஃப்ட்வேர் விழுந்தால், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ப்ராஜெக்டைத் திறங்கள். சேஃப் மோட் வரும். ஒவ்வொரு ப்ளக்இன்னாகக் கேட்டுக் கேட்டு ஏற்றும். எதற்குச் சரி சொன்னதும் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. அடுத்த முறை அதை மட்டும் விட்டுவிட்டுத் திறக்கலாம்.

இந்த வழியின் பலவீனம் தொழில்நுட்பத்தில் இல்லை. முப்பது வருஷத்தில் உரிமையாளர் மூன்று முறை மாறிய சாஃப்ட்வேர் இது, கடைசியாகக் கைமாறியபோது உரிமத்தின் வடிவமும் மாறியது. இன்றைய இலவசம் நாளை என்ன வடிவம் எடுக்கும் என்று பயனர் கையில் எந்தப் பிடியும் இல்லை. ஆகவே திறக்க இதை நம்பலாம். பத்திரப்படுத்த இதை மட்டும் நம்பக் கூடாது.

வழி நான்கு: ரீப்பர்

காக்கஸ் என்ற சிறு நிறுவனத்தின் ரீப்பர், சோனாரிலிருந்து வந்தவர்கள் அதிகம் குடியேறிய இடங்களில் ஒன்று. 60 நாள் முழு வசதியோடு ஓட்டிப் பார்க்கலாம். தனிநபருக்கும், ஆண்டு வரவு 20,000 டாலருக்குள் உள்ள சிறு தொழிலுக்கும் 60 டாலர். அதற்கு மேல் 225 டாலர். ஒரு உரிமம் இரண்டு பெரிய பதிப்புகளுக்குச் செல்லும். ராண்ட் ஏறி இறங்கும் நாட்டில் மாதச் சந்தா இல்லாமல் ஒரே தடவை கட்டுவது பஜனைக் குழுவின் பொருளாளருக்கு விளக்கச் சுலபம்.

இதன் இரண்டு குணங்கள் நம் கேள்விக்கு நேராகப் பொருந்துகின்றன. ரீப்பரின் ப்ராஜெக்ட் கோப்பு வெறும் உரைக் கோப்பு; நோட்பேடில் திறந்தாலே எந்த ட்ராக்கில் எந்த ஆடியோ எந்த நொடியில் தொடங்குகிறது என்று படிக்கலாம். நாளைக்கு ரீப்பரே நின்றுபோனாலும் பாட்டின் வரைபடம் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது, நிறுவும்போது போர்ட்டபிள் என்று தேர்ந்தெடுத்தால் சாஃப்ட்வேர் முழுவதும் ஒரு வெளி டிஸ்கிலேயே உட்காரும். பாட்டும் அதைத் திறக்கும் சாவியும் ஒரே டிஸ்கில் இருக்கும். கோயில் அலுவலகக் கணினியிலும் செருகலாம், வீட்டிலும் செருகலாம்.

குறைகள்: வாத்திய ஒலிகள் என்று சொல்ல எதுவும் கூட வராது. முகப்பு முதல் வாரத்தில் வெறுப்பேற்றும். முக்கியமாக, சோனார் ப்ராஜெக்டை அது நேராகத் திறக்காது. ஆகவே ரீப்பருக்குப் போவதானாலும் வழி ஒன்று அல்லது மூன்று வழியாகத்தான் போக வேண்டும். துண்டு துண்டாகப் பாடி நல்ல வரிகளைப் பொறுக்கும் எக்ஸ்3 பழக்கம் உள்ளவர்கள் 2023-இல் வந்த 7-ஆம் பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ போடுங்கள். அதில்தான் ட்ராக் லேன்களும் இழுத்துப் பொறுக்கும் வசதியும் சேர்ந்தன.

ஸ்டூடியோ ஒன், க்யூபேஸ் இரண்டும் நல்ல கருவிகள்தான். புதுப் பதிவுக்கு மட்டும் என்றால், அதுவும் உங்களுக்குக் கற்றுத்தர ஆள் பக்கத்தில் இருந்தால், தாராளமாகப் போகலாம். பழைய சோனார் கோப்பைத் திறக்கும் விஷயத்தில் ரீப்பரைவிட அவை எதுவும் கூடுதலாகச் செய்யாது, விலை மட்டும் கூடுதல்.

வெளியே எடுக்கும் வேலை

எந்த வழியைத் தேர்ந்தாலும் இந்த வேலை தப்பாது. ஒரு பாட்டுக்கு அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை பிடிக்கும்.

முதலில் ஆடியோ எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பழைய கேக்வாக்கும் ஆரம்பகால சோனாரும் எல்லாப் பாட்டின் ஆடியோவையும் ஒரே பொதுக் கோப்புறையில் கொட்டின. பாட்டுக்குத் தனிக் கோப்புறை என்பது நீங்கள் கேட்டு வாங்க வேண்டிய வசதி. ப்ராஜெக்ட் கோப்பை மட்டும் யுஎஸ்பியில் எடுத்துப் போனவர்களுக்கு வீட்டில் போய்த் திறந்ததும் ஆடியோ காணவில்லை என்று பெட்டி வருவது இதனால்தான். ப்ராஜெக்டைத் திறந்து, சேவ் ஆஸ் கொடுத்து, எல்லா ஆடியோவையும் சேர்த்து நகலெடு என்ற கட்டத்தை டிக் செய்து, புதுக் கோப்புறையில் சேமியுங்கள். கோப்புறைப் பெயர் ஆங்கில எழுத்தில், சின்னதாக இருக்கட்டும். பழைய 32-பிட் கருவிகள் சில தமிழ் யூனிகோட் பெயரைப் படிக்காமல் விழிக்கும்.

பண்டில் கோப்பை நம்பி உட்காராதீர்கள். மூட்டையில் ஓர் இடம் கெட்டால் முழுப் பாட்டும் போகும். தனித்தனி வேவ் கோப்புகளாக இருந்தால் ஒரு ட்ராக்கோடு நஷ்டம் நிற்கும். இன்னும் திறக்கும் பண்டில்களை இன்றே திறந்து மேலே சொன்ன மாதிரி கோப்புறையாக மாற்றுங்கள். இடையில் டிஸ்க் நிறைந்துவிட்டதென்று க்ளீன் ஆடியோ கருவியைத் தொடாதீர்கள். தனக்குத் தெரிந்த ப்ராஜெக்டுகளில் இல்லாத வேவ் கோப்புகளை அது அநாதை என்று முடிவு செய்யும். கணினியில் மாட்டாத டிஸ்கில் இருக்கும் ப்ராஜெக்டுகளை அதனால் பார்க்க முடியாது. அதை நம்பி அழித்தால் போனது போனதுதான்.

அடுத்து, உறைய வைக்க வேண்டியவை. வி-வோகலில் திருத்திய குரல் துண்டுகளை வி-வோகல் உள்ள பழைய பதிப்பிலேயே பவுன்ஸ் டு க்ளிப்ஸ் கொடுத்து நிஜ ஆடியோ ஆக்குங்கள். எக்ஸ்3-இலிருந்து எந்தப் பதிப்போடும் அது வருவதில்லை என்பதால், புது கணினியில் திருத்தாத குரலோ மௌனமோதான் கிடைக்கும். மெலடைன் துண்டுகளுக்கும் ரீஜியன் எஃப்எக்ஸ் பட்டியலில் ரெண்டர் கொடுங்கள். டிடிஎஸ்-1 என்ற ரோலண்டின் சிறு வாத்தியப் பெட்டி சோனாரோடு வந்தது. மிடியில் போட்ட ஹார்மோனியம், வயலின், மணி எல்லாம் பெரும்பாலும் அதில்தான் ஒலித்திருக்கும். அது டிஎக்ஸ்ஐ என்ற பழைய டைரக்ட்எக்ஸ் ப்ளக்இன் வகை. புது வீட்டில் ஒலிக்கும் என்று எதிர்பார்க்காமல் ஒவ்வொரு மிடி ட்ராக்கையும் தனி ஆடியோவாக எடுத்துவிடுங்கள். மிடி ட்ராக்கின் பெயரிலேயே வாத்தியத்தையும் எழுதிவிடுங்கள். "ட்ராக் 7" என்பது பத்து வருஷத்துக்குப் பிறகு யாருக்கும் எதையும் சொல்லாது.

பிறகு எக்ஸ்போர்ட். கண்ட்ரோல்-ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்து, தொடக்கம் ஒன்றாம் பாரின் முதல் அடி என்று வையுங்கள். எக்ஸ்போர்ட் ஆடியோ பெட்டியில் மூலம் என்ற இடத்தில் ட்ராக்குகள் என்று கொடுங்கள். எல்லா ட்ராக்கும் ஒரே புள்ளியில் தொடங்கி ஒரே நீளத்தில் வர வேண்டும். உறுமி மூன்றாம் நிமிடத்தில்தான் நுழைகிறது என்றாலும் அதன் கோப்பும் பூஜ்யத்திலிருந்தே வர வேண்டும்; அப்போதுதான் எந்த சாஃப்ட்வேரில் போட்டாலும் தானாகப் பொருந்தும். சாம்பிள் ரேட் ப்ராஜெக்டில் இருந்ததே இருக்கட்டும்: 44.1 என்றால் 44.1, 48 என்றால் 48. பிட் ஆழம் 24. மீட்டர் சிவப்பைத் தொடும் ட்ராக் இருந்தால் 32-பிட் ஃப்ளோட். குரல், தவில் போன்ற ஒற்றை மைக் ட்ராக்குகளை, கீழே சொல்லும் உலர் தொகுதியில் மட்டும், மோனோவாக எடுங்கள்.

இரண்டு தொகுதியாக எடுக்க வேண்டும். எஃபெக்ட், ஆட்டோமேஷன் எல்லாம் சேர்ந்த ஈரத் தொகுதி ஒன்று. எதுவும் இல்லாத உலர் தொகுதி ஒன்று. ஈரத் தொகுதி அன்றைய கலவையைக் காப்பாற்றும். உலர் தொகுதி நாளை வேறு ஒருவர் நல்ல ரிவர்ப் (எதிரொலி) போட்டுத் திரும்பக் கலக்க உதவும். கூடவே மிடியை ஃபார்மட் 1 கோப்பாகச் சேமியுங்கள். ஃபார்மட் 0 கொடுத்தால் எல்லா ட்ராக்கும் ஒன்றில் கொட்டிக் கலந்துவிடும். அந்த மிடிக் கோப்புக்குள் டெம்போ வரைபடமும் போகும். கடைசியாக முழுப் பாட்டின் ஸ்டீரியோ கலவை ஒன்று.

இடக் கணக்கு: 44.1 கிலோஹெர்ட்ஸ், 24-பிட், மோனோ என்றால் ஒரு நிமிடம் சுமார் 7.9 மெகாபைட். 24 ட்ராக், 6 நிமிடப் பாட்டு மோனோ உலர் தொகுதிக்கு 1.14 கிகாபைட் வரும். ஸ்டீரியோ ஈரத் தொகுதி அதன் இரட்டிப்பு; இரண்டும் சேர்ந்து 3.4. நாற்பது பாட்டுக்கு 137 கிகாபைட் அளவு. உலர் தொகுதியில் ஸ்டீரியோ ட்ராக் இருந்தால் அதுவும் இரட்டிப்பு. இரண்டு 250 கிகாபைட் வெளி டிஸ்க் போதும். ஒன்று வீட்டில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில். 2022 ஏப்ரல் வெள்ளம் டர்பனில் என்ன செய்தது என்று தெரிந்தவர்களுக்கு ஏன் வேறு ஊர் என்று சொல்ல வேண்டியதில்லை.

ரீப்பரில் போடும்போது இரண்டு பொறிகள்

காவடிப் பாட்டு நடையாகத் தொடங்கி, முடிவில் ஓட்டமாகப் போகும். டெம்போ வரைபடம் முழுக்க ஏற்றம்தான். ரீப்பரின் தொடக்க அமைப்பில் ஆடியோ துண்டுகள் தாளக் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். வேவ் கோப்புகளை முதலில் போட்டுவிட்டுப் பிறகு டெம்போவைக் கொண்டுவந்தால், குரல் ரப்பர் மாதிரி இழுபட்டு இடமும் மாறும். ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் டைம்பேஸை டைம் என்று மாற்றுங்கள், மிடிக் கோப்பை இறக்கி அதன் டெம்போவை ஏற்றுக்கொள்ளுங்கள், அப்புறம் வேவ் கோப்புகளை இறக்குங்கள். வரிசை இதுதான். க்ளிக் (கணினி தரும் தாள ஒலி) இல்லாமல் சுதந்திரமாகப் பாடிய விருத்தம் போன்றவற்றுக்கு இந்தத் தலைவலி கிடையாது. பூஜ்யத்தில் வைத்தால் போதும்.

இரண்டாவது பேன், அதாவது ஒலியை இடமோ வலமோ தள்ளி வைப்பது. சோனாரின் வழக்கமான பேன் விதியில் நடுவில் மாற்றமில்லை, ஓரத்துக்குத் தள்ளும்போது ஒலி 3 டெசிபல் வரை கூடும். ரீப்பரின் வழக்கமான அமைப்பில் அப்படிக் கூடாது. உலர் தொகுதியைப் போட்டுப் பழைய பேன் எண்களை அப்படியே தட்டினால், இடது ஓரத்து உறுமியும் வலது ஓரத்து தாளமும் அமுங்கிக் கேட்கும். காது கெட்டுவிட்டது என்று நினைக்காமல் ஓர ட்ராக்குகளை அந்த அளவுக்கு ஏற்றுங்கள். ஈரத் தொகுதியில் பேன் ஏற்கெனவே பதிந்திருப்பதால் அங்கே எதையும் தொட வேண்டாம்; ஆனால் அதை மோனோவாக எடுத்துவிடாதீர்கள், பேன் முழுக்கப் போய்விடும்.

யாருக்கு எது

மாதம் ஒரு பாட்டு பதிகிற, சோனார் கைப்பழக்கமான ஒருவர் புது சோனாரிலேயே இருக்கலாம். மேலே சொன்ன தொகுதிகளை ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் எடுத்து வைத்தால் உரிமையாளர் மாறினாலும் தூக்கம் கெடாது. பல கைகள் தொடும் கோயில் குழு, கணினி அடிக்கடி மாறும் குழு, செலவை ஒரே தடவையில் முடிக்க நினைக்கும் குழு ரீப்பருக்குப் போவது நல்லது. பழையதைத் திறக்க மட்டும் ஒரு கணினியில் புது சோனாரை வைத்துக்கொள்ளுங்கள். டபிள்யூ.ஆர்.கே காலத்து மிடிப் பாட்டுகள் மட்டுமே உள்ளவர்கள் எதற்கும் அவசரப்பட்டு மாற வேண்டாம். ஃபார்மட் 1 மிடிக் கோப்பாக மாற்றி வைத்தால் அதை எந்த சாஃப்ட்வேரும் படிக்கும். அவர்கள் தேட வேண்டியது அன்றைய ஒலிப்பெட்டியைத்தான். அது இன்னும் உயிரோடு இருந்தால் ஒவ்வொரு வாத்தியத்தையும் தனியாக ஆடியோவாகப் பதியுங்கள்.

தைப்பூசத்துக்கு முந்தின இரண்டு மாதமும் புரட்டாசியும் இந்த வேலைக்கு ஆகாது. அப்போது எல்லோருக்கும் அவசரம். அவசரத்தில் எக்ஸ்போர்ட் எடுத்தால் ஏதாவது ஒரு ட்ராக் மியூட்டில் இருந்தபடியே போகும்.

எடுத்தது சரியா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. ஈரத் தொகுதி முழுவதையும் புது ப்ராஜெக்டில் எந்த ஃபேடரையும் (ஒலி அளவை ஏற்றி இறக்கும் தள்ளியையும்) தொடாமல் போடுங்கள். அதற்குக் கீழே பழைய ஸ்டீரியோ கலவையைப் போட்டு அதன் ஃபேஸை, அதாவது ஒலி அலையை, தலைகீழாக்குங்கள். ஒன்றையொன்று தின்று கிட்டத்தட்ட மௌனமானால் எல்லா ட்ராக்கும் வந்துவிட்டன. தவில் மட்டும் தெளிவாகக் கேட்டால் தவில் விட்டுப்போயிருக்கிறது, அல்லது அதன் அளவு மாறியிருக்கிறது. கோரஸ், ரிவர்ப் மட்டும் லேசாக மிச்சம் கேட்பது சகஜம். அவை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேறாக அசையும். பழைய கலவையின் மாஸ்டர் பஸ்ஸில் (எல்லா ட்ராக்கும் கடைசியாகச் சேரும் வழியில்) ஒலியின் உச்சத்தை அடக்கும் கம்ப்ரஸரோ லிமிட்டரோ இருந்திருந்தால் அதை அணைத்து எடுத்த கலவையோடு ஒப்பிடுங்கள், இல்லாவிட்டால் மௌனம் வரவே வராது. இந்தச் சோதனையில் தேறாத பாட்டின் பழைய கோப்புறையை மட்டும் அழிக்காமல் வைத்திருங்கள்.